மூலையில் எழுதிய பெயர்

திருநெல்வேலிப் பக்கம் கடைப் பலகை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையெல்லாம் முடிந்தபின், பிரஷைக் கழுவுவதற்கு முன்னால், பலகையின் வலதுபக்கக் கீழ்மூலையில் சின்னதாகத் தன் பெயரை எழுதிவிடுவார்கள். பெயர், பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’, அதற்கடுத்து ஊர். எழுத்து ஒரு விரற்கடை உயரம்கூட இருக்காது. என் ஆசான் அந்த மூலைக்கு வரும்போது மட்டும் வாயிலிருக்கும் பீடியை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். யாரோடும் பேசவும் மாட்டார்.

நாற்பது வருடமாக விளம்பரம்தான் எனக்குச் சோறு. சுவரில் எழுதினேன், தகரத்தில் எழுதினேன், துணியில் எழுதினேன், பிறகு கம்ப்யூட்டரில் எழுதினேன். இப்போது நாங்குநேரி பஜாரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப் படமும் இன்ஸ்டாகிராம் வீடியோவும் செய்து கொடுக்கிறேன். இத்தனையிலும் மாறியது எது என்று யாராவது கேட்டால், அந்த மூலையைத்தான் சொல்லுவேன்.

நான் ஆசானிடம் சேர்ந்தது 1984-ல். ஆறு மாதம் பிரஷைத் தொடவிடவில்லை. வச்சிரப் பசை காய்ச்ச வேண்டும், அந்த நாற்றம் சாப்பாட்டு நேரம்வரை கையில் நிற்கும். காய்ச்சிய வச்சிரத்தில் பவுடர் கலரைக் குழைக்க வேண்டும். சுவருக்கு இரண்டு கை வெள்ளையடிக்க வேண்டும். நூலை நீலப்பொடியில் தோய்த்து, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்தான் எழுத்து உட்காரும். கோடு சாய்ந்தால் ஆசான் எழுதமாட்டார், மறுபடி வெள்ளையடிக்கச் சொல்லுவார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, ணை, லை, ளை, னை என்ற நான்கிலும் இருந்த யானைத் துதிக்கை போன்ற வளைவை எடுத்துவிட்டது. ஆசான் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புது எழுத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர் சுவர்களில் துதிக்கை தொங்கியது. நான் ஒருநாள் கேட்டேன். “விலை, சேலை, கடலை, விற்பனை... ஏவாரத்துல பாதிச் சொல்லு அதுலதான முடியுது? துதிக்கை போட்டா ஒரு எழுத்து எடத்துல அடங்கிரும். நீ சொல்லுத மாதிரி இணைக்கொம்பு போட்டா தனியா எடம் கேக்கும். சொவரு என்ன உங்கப்பன் வீட்டு ரப்பரா, இழுக்கதுக்கு?” என்றார். அவர் சொன்னது அழகுக்காக அல்ல, கணக்குக்காக. சுவர் எழுத்து முழுக்கக் கணக்குதான்.

அப்போது திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்துகள் நாங்குநேரி ஊருக்குள்ளேதான் வந்து போகும். பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் போனால் ஒரு விநாடிக்கு 14 மீட்டர் கடக்கும். சாலையோரச் சுவர் ஜன்னலோரத்தில் இருப்பவர் கண்ணில் படத் தொடங்கி மறைவதற்கு ஏறக்குறைய 60 மீட்டர். நான்கு விநாடி. அதற்குள் வாசித்து முடிக்க வேண்டும் என்றால் மூன்று சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது. பொருள், பெயர், கிடைக்கும் இடம். ‘தரமான’, ‘உன்னதமான’, ‘மக்கள் மனம் கவர்ந்த’ என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக்கொண்டு வருவதையெல்லாம் ஆசான் பென்சிலால் அடித்துவிடுவார். பொய் என்பதால் அல்ல, இடமில்லை என்பதால். இடமில்லாததே ஒருவகையில் எங்களைப் பொய்யிலிருந்து காப்பாற்றியது என்று பிற்பாடுதான் விளங்கியது.

சுவர் பிடிப்பது தனிக்கலை. பல்பொடி, சிமெண்டு, உரம், சொட்டுநீலம் என்று கம்பெனிகள் வரும். வீட்டு ஆச்சிதான் முதலாளி. பணம் கேட்கமாட்டாள். “மவளுக்குத் தை மாசம் கல்யாணம். நாலு பக்கமும் வெள்ளையடிச்சுக் குடுத்துட்டு, ரோட்டுப் பக்கம் என்னத்தையும் எழுதிக்கோ” என்பாள். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து கட்சிப் பெயரையும் வருடத்தையும் கிறுக்கிச் சுவரை ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இனி நான் சொல்லப்போவது 1990-களின் நடுவில் நடந்தது. ஆசானுக்குக் கண் மங்கி, நான் தனியாக வேலை பிடிக்கத் தொடங்கியிருந்தேன். வெளியூர்க்காரர்கள் நான்கு பேர் கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாத்திரமும் துணியும் குவித்துத் தள்ளுபடி விற்பனை போட்டார்கள். எட்டு துணி பேனர் எழுதக் கொடுத்தார்கள். நடுவில் சிவப்பில், பெரிதாக, ‘கடைசி 3 நாள்’. தேதி எங்கே என்று கேட்டேன். “தேதி வேண்டாம் அண்ணாச்சி, அப்படியே இருக்கட்டும்” என்றார்கள். அதில் என்ன இருக்கிறது என்று எழுதினேன். பழக்கத்தில் எட்டு துணியிலும் மூலையில் என் பெயரையும் எழுதினேன்.

நான்காம் நாளும் துணி தொங்கியது. ஐந்தாம் நாளும் தொங்கியது. மழைத்தூறலில் சிவப்பு கொஞ்சம் வழிந்து, பதினோராம் நாள் வரைக்கும் ‘கடைசி 3 நாள்’ தொங்கியது. பன்னிரண்டாம் நாள் காலையில் மண்டபம் காலி.

ஒரு வாரம் கழித்து ஓர் ஆச்சி என் கடைக்கு வந்தாள். மூலைக்கரைப்பட்டி போகிற வழியில் ஏதோ ஊர். முந்தானையில் பொதிந்து ஒரு பிரஷர் குக்கர். மூடி பொருந்தவில்லை, ஆவி சுற்றி வழிகிறது.

“எய்யா, அவனுவ போயிட்டானுவ. அந்தத் துணியில ஒம் பேருதான போட்டிருக்கு? எம் பேரன் வாசிச்சுச் சொன்னான்.”

நான் எழுதுகிறவன்தான், விற்கிறவன் இல்லை என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்.

“குக்கரு கெட்டுப்போச்சுன்னு மட்டும் நான் வரல எய்யா. அறுப்புக் கூலி வர இன்னும் அஞ்சு நாளு கெடந்துச்சு. மூணு நாளுன்னு நீ எழுதலன்னா, கூலி வாங்கிட்டு வந்து நிதானமா பாத்து வாங்கியிருப்பேன். மூணு நாளுன்னு பேரன் வாசிச்சதால ஓடிப்போயி வட்டிக்கு வாங்குனேன். அவனுவ பதினோரு நாளு இருந்திருக்கானுவ. அது ஒனக்குத் தெரியும்லா?”

தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் டீ குடிக்கப் போனேன்.

குக்கரை பஜாரில் கொடுத்துப் பழுது பார்த்தேன். வட்டிப் பணத்துக்கும் கொஞ்சம் கொடுத்தேன். அவள் முதலில் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஆசானிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. “மூலையில பேரு போடுதது எதுக்குன்னு நெனச்ச? பெருமைக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து தேதி இல்லாத தள்ளுபடியை நான் எழுதியதில்லை. இதனால் போன வேலைகள் நிறைய. வீட்டில் அதற்குச் சண்டையும் நடந்திருக்கிறது.

அச்சுத் தொழிலில் இது சட்டமாகவே இருந்தது. 1867-ம் வருடத்து அச்சகச் சட்டப்படி, அச்சிட்ட தாளில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டியிருந்தது. தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இரண்டு பெயரும் வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் வேறு காரணத்துக்காகத்தான் அந்த அச்சகச் சட்டத்தைக் கொண்டுவந்தான். ஆனால் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு வாசலுக்குப் போய்ச் சேரலாம் என்பது அதனால் நமக்கு வழக்கமாயிற்று.

முகத்தையே மூலையாக வைத்து விற்றவர் ஒருவரை நாங்குநேரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-ல் சென்னையில் சொந்தக் கடை தொடங்கிய எச். வசந்தகுமார். சாமான்களைத் தவணையில் கொடுத்தார். விளம்பரத்தில் நடிகர் முகத்தைத் தேடிப்போகாமல் தன் முகத்தையே போட்டார். 2006-லும் 2016-லும் இந்தத் தொகுதியில் நின்று ஜெயித்தார். முதல் தேர்தலில் அவருக்குச் சுவர் எழுதப்போன இடத்தில் ஒரு பாட்டி, “டிவிக்கடைக்காரவியளா? தெரியும், தெரியும்” என்றாள். அரசியலை விட்டுவிடுவோம். விற்கிறவன் முகம் வாங்குகிறவனுக்குத் தெரிந்திருப்பதன் பலத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன்.

ஃபிளக்ஸ் வந்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் மூன்று நாளில் எழுதும் பலகையை மிஷின் அரைமணி நேரத்தில் துப்பியது. நான் கோரல் டிராவும் பாமினி எழுத்துருவும் கற்றுக்கொண்டு டிசைனர் ஆனேன். ஆனால் ஃபிளக்ஸில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் எல்லாப் பெயரடைகளும் திரும்பி வந்துவிட்டன. காது குத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் சாலை நடுவில் வைத்தார்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தபோது, நான் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. அது என் பேனர் இல்லை, ஆனால் என் தொழில்.

ஃபிளக்ஸ் வந்த காலத்தில் நான்குவழிச் சாலையும் வந்து, ஊருக்கு வெளியே புறவழி போட்டார்கள். பல பேருந்துகள் ஊருக்குள் வராமல் அப்படியே போய்விடும். இறங்குகிறவர்கள் மூட்டையோடு வெயிலில் நடந்து வருவார்கள். பழைய சாலையோரத்துச் சுவர்களை வாசிக்க ஆளில்லாமல் போயிற்று. எழுத்து நன்றாகத்தான் இருந்தது, கண்தான் இடம் மாறிவிட்டது.

கண் போன இடம் கைபேசி. 2016-ல் ஜியோ வந்தது, அதே வருடம் யு.பி.ஐ. வந்தது, நவம்பரில் பழைய நோட்டும் செல்லாமல் போயிற்று. காய்கறிக் கடையில் கட்டமிட்ட சதுர அட்டை ஏறியது. 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தபோது என் மகள்தான் கற்றுக்கொடுத்தாள். ஒரு விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது. அது என் விளம்பரத்தில் நிற்கும் நேரம் பேருந்து ஜன்னலைவிடக் குறைவு. ஆசானின் மூன்று சொல் கணக்கு அப்படியே பொருந்தியது. நான் ஒன்றும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை என்றுகூடச் சில நாள் நினைத்தேன்.

எனக்குப் பிடித்த வேலை மேப் வேலை. எங்கள் ஊர் வானமாமலைப் பெருமாள் கோவிலுக்கு வெளிமாநிலங்களிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள். நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. பெருமாளுக்குச் சாத்திய எண்ணெய் சேரும் கிணறு இருக்கிறது, அந்த எண்ணெயை மருந்தாக வாங்கிப் போவார்கள். கோவில் பக்கத்து காபிக் கடை ஒன்று கூகுள் மேப்பில் புறவழிச்சாலை ஓரத்தில் குத்தப்பட்டிருந்தது. அங்கே போனவர்களுக்கு உடைமரம்தான் கிடைத்தது. நான் டி.வி.எஸ்.ஸில் போய்க் கடை முகப்பைப் படமெடுத்து, புள்ளியை நகர்த்தி, திறக்கும் நேரம், மூடும் நேரம், ஏகாதசியன்று என்ன கிடைக்கும் என்று எழுதி ஏற்றினேன். பத்து நாளில் சரியாயிற்று. பலகை எழுதி மாட்டுவதில் இருந்த அதே திருப்தி. வழி தெரியாதவனுக்கு வாசலைக் காட்டுவதுதான் விளம்பரம் என்று நான் நம்புகிறேன். அதற்குமேல் அது செய்வதெல்லாம் எனக்குச் சந்தேகமானவை.

சந்தேகத்துக்கு ஓர் உதாரணம். என் கடைக்கு நான்கு கடை தள்ளி ஒரு அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் புடவை பார்ப்பாள். அலுவலகத்தில் அஞ்சாறு பெண்களுக்கு ஒரு குழு இருக்கிறது, ஒருத்தி பார்த்ததை எல்லாருக்கும் அனுப்புவாள். ஒருநாள் என்னிடம் ஓடிவந்தாள். “அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு சேலைதான் மிச்சமாம், பத்து நிமிசந்தான் இருக்காம், கார்டுல காசு போக மாட்டேங்கு, கொஞ்சம் பாருங்க.” திரையில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. “அந்த ஆப்பை மூடிட்டு மறுபடி தெற” என்றேன். திறந்தாள். கடிகாரம் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. மறுநாளும் இரண்டு சேலை மிச்சமிருந்தது.

‘கடைசி 3 நாள்.’ அதே துணி. ஆனால் இந்தத் துணியின் நான்கு மூலையிலும் தேடினேன், எழுதியவன் பெயர் இல்லை. விற்பவர் பெயரைத் தேட ஐந்து இடத்தில் தொட வேண்டியிருந்தது. அதன்பிறகும் கிடைத்தது ஒரு மின்னஞ்சல் முகவரிதான். அந்த ஆச்சி குக்கரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாளே, இந்தத் தங்கச்சி எங்கே நடந்து போவாள்?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இவற்றுக்கென்று வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. ஆளை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். முதலாவதாக இருப்பது போலி அவசரம். கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச்சப்பட வைப்பது, சந்தாவில் மாட்டிவிட்டு வெளியேறும் வழியை மறைப்பது, விளம்பரத்தைச் செய்திபோல வேடமிடச் செய்வது எல்லாம் அதில் வருகின்றன. மகள் வாசித்துச் சொன்னபோது, பெரும்பாலானவற்றுக்கு எனக்கு ஒரு பழைய முகம் நினைவுக்கு வந்தது. மனை விற்பனைப் பலகையில் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’ என்று எழுதச் சொன்னவர்கள் என்னிடமும் வந்திருக்கிறார்கள். எந்த வண்டியில் என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். இப்போது ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவு என்றால் விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு மூலையில் போட்ட பெயரைப் பார்த்த மாதிரி இருக்கும். தங்கச்சிக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

அவசரம் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, சாயங்காலம் சில மணி நேரந்தான் வியாபாரம். கிண்டிய அல்வா தீர்ந்தால் தீர்ந்ததுதான். அங்கே வரிசையில் நிற்கிறவனின் அவசரம் உண்மையான அவசரம்.

பரப்பாடிப் பக்கம் ஒரு அக்கா கருப்பட்டி காய்ச்சுகிறார். அவர் வீட்டுக்காரர் பனையேறி. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை விறகடுப்பில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் அக்கா சிரட்டையில் ஊற்றுவார். மூன்று வருடமாக அவருக்கு வாட்ஸ்அப்பில் நான்தான் விளம்பரம் செய்கிறேன். அடுப்படியில் எடுத்த படம், விலை, எடை. கீழ்மூலையில் அவர் பெயர், ஊர், அவர் எண், என் எண். அவர் மகன் கல்லூரியில் படிக்கிறான். “மாமா, டெய்லி ‘ஸ்டாக் முடியப்போகுது’ன்னு ஸ்டேட்டஸ் போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுதாவ” என்றான். அவனுக்கு ஆச்சியின் கதையைச் சொன்னேன். அவன் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. “அப்பம் மத்தவன் வித்துட்டுப் போயிருவான்லா?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பருவம் முடிந்து கடைசிப் பாகு ஊற்றிய அன்று, ‘இந்த வருடத்துக்கு இவ்வளவுதான், 40 கிலோ’ என்று எழுதிப் போட்டேன். தேதியும் போட்டேன். நாலு நாளில் தீர்ந்தது.

போன மழைக்காலத்தில் மும்பை தாராவியிலிருந்து ஓர் அழைப்பு. பேச்சிலேயே நம்ம ஊர் தெரிந்தது. யாரோ சொந்தக்காரர் அனுப்பிய படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார். அக்கா எண் எடுக்கவில்லை, அதனால் மூலையில் இருந்த இன்னொரு எண்ணை அடித்திருக்கிறார்.

“அண்ணாச்சி, கருப்பட்டி இளகிப்போய் வந்திருக்கு. சீனி கலந்ததோன்னு வீட்ல சந்தேகப்படுதா. யார்கிட்ட கேக்கன்னு தெரியல. ஒங்க நம்பர் இருந்துச்சு.”

டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு பரப்பாடிக்குப் போனேன். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சீனி இல்ல அண்ணாச்சி. ரயில்ல மழை ஈரம் ஏறியிருக்கு. அடுப்புக்கு மேல பரண் இருந்தா ரெண்டு நாளு போடச் சொல்லுங்க, இறுகிரும். அங்க எங்க பரண் இருக்கப்போவுது... அதை அவுக வச்சுக்கிடட்டும். நான் வீட்டுக்குன்னு எடுத்து வச்சதுல ரெண்டு கிலோ கெடக்கு, அதை ஓலைக் கொட்டான்ல வச்சுத் தாரேன். இன்னைக்கே அனுப்பிருங்க.”

அவர் கொட்டானைத் தேடி உள்ளே போனார். நான் திண்ணையில் உட்கார்ந்து தாராவி எண்ணுக்குப் பதில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.